முப்பத்தேழு வயதில் ஒரு பழைய புல்லட்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் போன் செய்து, "இருபது நிமிஷம் பேசணும், தலைப்பு உங்க விருப்பம்" என்று சொன்னார். இந்த மேடையில் எனக்கு முன்னால் பேசியவர்கள் சொந்தமாகத் தொழிற்சாலை கண்டவர்கள், கடல் கடந்து போய் பெரிய பதவியில் இருப்பவர்கள். நானோ சேலத்தில் ஒரு கம்பெனியின் டிசைன் பிரிவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவன். அண்மையில் என் வாழ்க்கையில் நடந்த பெரிய விஷயம் என்றால் ஒரு பழைய புல்லட் வாங்கியதுதான். அதைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மெக்கானிக்கல் படிச்சவர்தானே, பேசுங்க" என்றார். ஆகவே குற்றம் ஏதும் இருந்தால் செயலாளரைச் சேரும். (சிரிப்பு)

நான் இந்தக் கல்லூரியில் 2005 முதல் 2009 வரை படித்தேன். நாலு வருஷமும் நாமக்கல்லில் இருந்து பஸ்தான். எங்கள் வகுப்பில் ஏழெட்டுப் பேரிடம் பைக் இருந்தது. ஸ்ப்ளெண்டர், பல்சர், அப்புறம் அண்ணன் ஓட்டித் தேய்த்துக் கொடுத்த ஒரு ஆர்.எக்ஸ். 100. கடைசி பீரியட் முடிந்ததும் அவர்கள் கிளம்புகிற சத்தம் கேட்கும். நாங்கள் பஸ் ஸ்டாப்புக்கு நடப்போம். அப்பாவிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். "படிச்சு முடி. சம்பாரி. உன் காசுல வாங்கு. அப்ப நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

படித்து முடித்தேன், சம்பாதித்தேன். ஆனால் நம் ஊரில் மாதச் சம்பளக்காரன் காசு வரிசையில் நிற்கும். முதலில் கல்விக் கடன், பிறகு தங்கச்சி கல்யாணம், பிறகு வீட்டுக் கடன், பிறகு குழந்தைகளின் பள்ளிக்கூட ஃபீஸ். நடுவில் வீட்டுக்கு ஒரு ஸ்கூட்டர் வந்தது, ஒரு சின்ன கார் வந்தது. இரண்டும் தேவைக்கு வந்தவை. ஆசைக்கு என்று ஒன்று வாங்க முப்பத்தேழு வயது ஆயிற்று. ஆபீசில் ஒருவர், "இந்த வயசுல பழைய புல்லட் எதுக்குங்க? மைலேஜும் கிடையாது, பார்ட்ஸுக்கும் அலையணும்" என்றார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அதற்கு மேல் நான் சொல்லப் போவதும் உண்மைதான்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே இருக்கிற மாணவர்களில் பலர் கார்புரேட்டரைப் புத்தகத்தில்தான் பார்த்திருப்பீர்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு புது வண்டிகளில் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்ஷன் ஆகிவிட்டது. புல்லட் என்ற பெயர் 1932-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்ட் கம்பெனி வைத்தது. 1950-களின் தொடக்கத்தில் நம் ராணுவம் எல்லை ரோந்துக்கு இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தது. தேவை கூடியதால் 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து சென்னையில் என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள், பிறகு எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. தாய் வீடு போய்விட்டது, பெண் மட்டும் நன்றாக வாழ்ந்தாள். 1977-ல் திருவொற்றியூரில் செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கியது. 1994-ல் கம்பெனி ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்தது. பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் 2010 வாக்கில் நின்று, புது அலுமினிய இன்ஜின் வந்தது. நான் வாங்கியது பழைய இரும்பு இன்ஜின், 1995-ஆம் வருஷ மாடல்.

சேந்தமங்கலம் பக்கத்தில் ஒரு தோட்டத்துச் சாளையில் அது நின்றிருந்தது. மேலே சாக்கு, சாக்குக்கு மேலே கோழி. பெரியவர் ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்த வண்டி. கால் முட்டி வலியால் கிக்கர் அடிக்க முடியாமல் போய் இரண்டு வருஷமாக நிறுத்திவிட்டாராம். பையன்கள் பெங்களூரில் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேண்டாம். 85,000 ரூபாய்க்கு முடிந்தது. காசை வாங்கிக்கொண்டு அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "மழையில நிறுத்தாதீங்க தம்பி."

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய வண்டி வாங்குகிறவர்கள் பெயிண்டைப் பார்க்கும் முன் காகிதத்தைப் பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம்தான். அதன் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்திருக்க வேண்டும். ஃபைனான்ஸ் இருந்தால் அது தீர்ந்ததற்கு 35-ஆம் நம்பர் படிவம் வேண்டும். பெயர் மாற்ற 29-ஆம், 30-ஆம் நம்பர் படிவங்கள். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பெயர் மாற்றாமல் கொடுத்த வண்டி எங்கேயாவது மோதினால், நோட்டீஸ் பழைய உரிமையாளர் வீட்டுக் கதவைத்தான் தட்டும். நட்பு, நம்பிக்கை எல்லாம் இருக்கட்டும். படிவமும் இருக்கட்டும்.

இப்போது இன்ஜினுக்கு வருகிறேன். சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், 346 சி.சி. வரும். பவர் வெறும் 18 குதிரைத்திறன்தான். இன்றைக்கு அதில் பாதி எடை உள்ள இன்ஜின் அதைவிட அதிகம் தருகிறது. ஆனால் ஸ்ட்ரோக் நீளம், ஃபிளைவீல் கனம். அதனால் மெதுவாகச் சுற்றும்போதே இழுவை இருக்கும். நாலாவது கியரில் நாற்பதில் போய், முன்னால் வைக்கோல் வண்டி நின்றால் கொஞ்சம் தாமதித்து, மறுபடி ஆக்ஸிலேட்டரைத் திருகினால் கோபமில்லாமல் ஏறும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். நம் ஸ்கூட்டர், கார் பழக்கம் எதுவும் அங்கே செல்லாது. முதல் ஒரு வாரம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காலி மனையில் சுற்றிச் சுற்றிப் பழகினேன். என் சின்னப் பையன் திண்ணையில் உட்கார்ந்து மார்க் போட்டான்.

ஸ்டார்ட் பண்ணுவது தனி வித்தை. பட்டனை அழுத்தினால் ஓடுகிற வண்டி இல்லை இது. சாவி போட்டதும் அம்மீட்டர் முள் ஒரு பக்கம் சாயும். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் முள் நடுவுக்கு வரும். கான்டாக்ட் பாயின்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். இடது கையில் உள்ள சின்ன டி-கம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரைக் கொஞ்சம் தாண்டவிட்டு, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் முழு மூச்சாக ஓர் அடி. இந்த வரிசை தெரிந்தவனுக்கு ஓர் அடியில் எடுக்கும். தெரியாதவனை வண்டியே திருப்பி அடிக்கும். மூன்றாம் செமஸ்டரில் நாம் படித்த டெட் சென்டர் என்பதைக் கால் நரம்பு வழியாகப் புரிந்துகொண்டது அப்போதுதான்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது மெக்கானிக் இல்லை, இன்டர்நெட் இல்லை. என் அப்பா. இந்த இடத்தில்தான் என் பேச்சின் முக்கியமான பகுதி வருகிறது.

அப்பா நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் ஃபிட்டராக 38 வருஷம் வேலை பார்த்தார். நம் பகுதிக்காரர்களுக்கு அந்தப் பட்டறைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். கம்பெனியில் இருந்து இன்ஜினும் சேசிஸும் மட்டும் வரும். டிரைவர் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டி வருவார். கேபின், பின்பக்கப் பாடி, கதவு, பெயின்ட், முன்னால் எழுதும் சாமி பெயர், எல்லாம் இங்கே. 1997 ஜனவரி முதல் தேதி நாமக்கல் தனி மாவட்டம் ஆவதற்கு ரொம்ப முன்பே, லாரி என்றால் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று இந்தியா முழுக்கப் பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது தகரத்தின் மேல் விழுகிற சுத்தியல். காலை எட்டரை முதல் இருட்டும் வரை, ஒரு கூரைக்கு அடியில் இருபது சுத்தியல்.

பட்டறை முதலாளியிடம் ஒரு புல்லட் இருந்தது. அதைத் துடைத்து, பாயின்ட் சுத்தம் செய்து, செயின் இறுக்கி, சாயங்காலம் ஸ்டார்ட் பண்ணி வாசலில் நிறுத்துவது அப்பாவின் வேலை. ஏறிப் போவது முதலாளி. அப்பா வீட்டுக்கு வருவது சைக்கிளில். பிற்பாடு ஒரு டி.வி.எஸ். 50 வாங்கினார். ஓசூர்க்காரர்கள் 1980-ல் கொண்டுவந்த அந்த வண்டி நம் ஊர்த் தொழிலாளிக்கு என்ன செய்தது என்று யாராவது தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

அப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயதிலேயே காது மந்தமாகிவிட்டது. அறுபதில் ரொம்ப மோசம். டி.வி. சத்தம் தெருமுனை வரை கேட்கும். கல்யாண வீட்டில் யாராவது பேசினால் சிரித்துவைப்பார். பேசினவர் சொன்னது சாவுச் செய்தியாகக்கூட இருக்கும். பிறகு கல்யாணத்துக்கே போவதை நிறுத்திவிட்டார். நான் சேலத்தில் இருந்து போன் செய்தால், "சாப்டியா கண்ணு" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அம்மாவிடம் கொடுத்துவிடுவார். ஐந்தாறு வருஷத்தில் நானும் அவரும் பேசிக்கொண்டதை எழுதினால் ஒரு பக்கம் தேறாது. காதில் வைக்கிற மெஷின் வாங்கிக் கொடுத்தேன். "தட்டு விழுந்தா மண்டைக்குள்ள விழுவுது" என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார்.

டாக்டர் ஒரு கிராஃப் போட்டுக் காட்டினார். நமக்குக் கிராஃப் என்றால் புரியுமே. கீழ் அலைவரிசையில் கோடு ஓரளவு ஒழுங்காக இருந்தது. 3000, 4000 ஹெர்ட்ஸ் பக்கம் போனதும் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இறங்கிவிட்டது. சத்தத்தால் கெட்டுப்போன காதின் அடையாளமே இதுதான் என்றார். உள்காதில் உள்ள நுண்ணிய முடி போன்ற செல்கள் செத்துவிட்டால் திரும்ப முளைப்பதில்லை. நாம் பேசும்போது ச, ஸ, த, க போன்ற மெய்யெழுத்துகளை வேறுபடுத்திக் காட்டுவது பெரும்பாலும் மேல் அலைவரிசை. அதனால் யாரோ பேசுகிறார்கள் என்று அப்பாவுக்குத் தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. கத்திப் பேசினாலும் பெரிய பலன் இல்லை. கத்தும்போது உயிரெழுத்துதான் பெரிதாகும்.

புல்லட்டை முதல் தடவை நாமக்கல் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனது ஒரு சனிக்கிழமை மத்தியானம். அப்பா உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். நான் ஹாரன் அடிக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. வண்டி நியூட்ரலில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து வெளியே வந்தார். அம்மா சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எப்படிங்க கேட்டுச்சு?" என்று கேட்டார். அந்தக் கேள்வி அவருக்குக் கேட்கவில்லை.

கணக்கு சுலபம். ஐட்லிங்கில் இன்ஜின் நிமிஷத்துக்கு 900 சுற்று என்று வைத்துக்கொள்வோம். நாலு ஸ்ட்ரோக் ஆனதால் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. நிமிஷத்துக்கு 450, அதாவது வினாடிக்கு ஏழு அல்லது எட்டு அடி. ஒவ்வொரு அடியோடும் வருகிற சத்தத்தில் பெரும்பங்கு கீழ் அலைவரிசை. சுத்தியல் தின்றது போக அப்பாவின் காதில் மிச்சம் இருந்தது அந்தப் பகுதிதான். நான் பேசுவது கேட்காது. புல்லட் பேசுவது கேட்கும்.

வந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து, கிராங்க் கேஸ் மேல் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு, "டேப்பெட் லூசு. எக்ஸாஸ்ட் பக்கம்" என்றார். டேப்பெட் சத்தம் டிக் டிக் என்று மேல் அலைவரிசை. அது அவர் காதுக்குப் போயிருக்க வழியே இல்லை. கை சொல்லியிருக்கிறது.

அடுத்த நாள் காலை, இன்ஜின் ஆறியிருக்கும்போது, டேப்பெட் மூடியைக் கழற்றி எனக்குக் காட்டினார். பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவந்து, புஷ் ராடை இரண்டு விரலால் பிடித்து உருட்ட வேண்டும். தாராளமாகச் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு. நான் தினமும் கம்ப்யூட்டரில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கு டாலரன்ஸ் போடுகிறவன். அந்த அளவு விரலுக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. என் விரலை எடுத்து அவர் விரலுக்குப் பக்கத்தில் வைத்துப் பழக்கினார். "இப்ப டைட்டு… இப்ப லூசு… ஆங், இது." மூன்று மணி நேரம் இருவரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். பேசினது அதிகம் போனால் முப்பது வார்த்தை இருக்கும். ஆனால் ஒரு வார்த்தைகூட வீணாகவில்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமை என்றால் நான் சேலத்தில் இருந்து நாமக்கல்லுக்குப் புல்லட்டில்தான் போகிறேன். நாலு வழிச் சாலையில் போனால் சுமார் ஐம்பது கிலோமீட்டர். நான் அதில் போவதில்லை. மல்லூர், ராசிபுரம் தாண்டி, பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி, சேந்தமங்கலம் வழியாகச் சுற்றிப் போவேன். கிழக்கே கொல்லிமலை கூடவே வரும். குச்சிக்கிழங்குக் காடு, சோளக் காடு, நிலக்கடலைக் காடு. சேகோ ஃபேக்டரி பக்கத்தில் வந்தால் கிழங்கு புளித்த வாசனை. களத்தில் வெள்ளை வெளேர் என்று ஜவ்வரிசி காயும். காரில் ஜன்னலை ஏற்றிவிட்டு எத்தனையோ தடவை போன ரோடுதான். எந்த ஊரில் என்ன வாசனை என்று அப்போது தெரியாது. இப்போது கண்ணைக் கட்டி விட்டாலும் ஊர் பெயர் சொல்வேன். வண்டி போகும் வேகம் ஐம்பது, ஐம்பத்தைந்து. அதற்கு மேல் போனால் கைப்பிடி நடுங்குகிறது, அதுவே போதும் என்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அப்பா தானாகவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அறுபத்தொன்பது வயது. அம்மா, "இந்த வயசுல எங்க போறீங்க, இடுப்பு புடிச்சிக்கும்" என்று சத்தம் போட்டார். அதுவும் கேட்கவில்லை, அல்லது கேட்காத மாதிரி இருந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கொடுத்தேன், போட்டுக்கொண்டார். சேந்தமங்கலம் தாண்டி காரவள்ளி வரை போனோம். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன. மேலே ஏறவில்லை, அடிவாரத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். வழியெல்லாம் அவர் கை என் தோளில் இருந்தது. இன்ஜின் திணறுகிற இடத்தில் ஒரு தட்டு. கியரைக் குறை என்று அர்த்தம். சரியாக மாற்றினால் கை அப்படியே இருக்கும். டீக்கடையில் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டியைப் பார்த்தபடி, "இருவது வருஷம் ஸ்டார்ட் பண்ணி வெச்சேன். இதுல உக்காந்து ஊரு தாண்டினது இன்னிக்குத்தான்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்டிருக்காது.

நண்பர்களே, வயது போன பிறகு பைக் வாங்குகிறவர்களைப் பார்த்து, இழந்த இளமையைத் தேடுகிறார்கள் என்று சொல்வது வழக்கம். என் அனுபவத்தில் அது சரியாக இல்லை. இருபது வயதில் இது என் கைக்கு வந்திருந்தால் சைலன்சரை மாற்றிச் சத்தத்தைக் கூட்டியிருப்பேன். திண்ணையில் உட்கார்ந்து புஷ் ராடை உருட்டப் பொறுமை இருந்திருக்காது. முப்பத்தேழில் வந்ததால், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது.

இரண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன். முதலாவது மாணவர்களுக்கு. என் புல்லட்டில் இருப்பது பழைய டிரம் பிரேக். ஏ.பி.எஸ். கிடையாது. 60 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு சுமார் 17 மீட்டர். ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி ஆனால் அதற்குள் 17 மீட்டர் போய்விட்டோம். வினாடிக்கு வினாடி 5 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்று வைத்தால் நிற்க இன்னும் 28 மீட்டர். மொத்தம் 45 மீட்டர். இதையே 90 கிலோமீட்டருக்குப் போடுங்கள். 25-ம் 62-ம் சேர்த்து 87 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு, நிற்கும் தூரம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பின்னால் இருப்பது வேகத்தின் வர்க்கம். ஏ.பி.எஸ். இருந்தாலும் இந்த வர்க்கம் எங்கேயும் போகாது. நம் சாலையில் உங்களுக்கு முன்னால் போவது பெரும்பாலும் லாரி. அதன் பின்புறத்தை உறுதியாகக் கட்டியவர்களில் என் அப்பாவும் ஒருவர். ஆகையால் தூரம் விடுங்கள். ஓட்டுகிறவரும் பின்னால் உட்காருகிறவரும் ஹெல்மெட் போடுங்கள். சட்டத்துக்குப் பயந்து போட்டாலும் சரி, அம்மாவுக்குப் பயந்து போட்டாலும் சரி.

இரண்டாவது, இங்கே தொழில் நடத்துகிற என் நண்பர்களுக்கும் மூத்தவர்களுக்கும். இந்த அரங்கில் பட்டறை, ஃபேப்ரிகேஷன் ஷெட், ஃபவுண்டரி, விசைத்தறி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் வரைதான் காது தாங்கும் என்று தொழில்நல வல்லுநர்கள் சொல்கிறார்கள். மூன்று டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி இரட்டிப்பாகும், தாங்கும் நேரம் பாதியாகும். தகரம் அடிக்கிற இடத்தில் 100 டெசிபல் சாதாரணம். அந்தக் கணக்கில் கால் மணி நேரத்துக்கு மேல் தாங்காது. நாம் 38 வருஷம் நிற்க வைத்தோம். இதற்கு மருந்து ஒரு காது மூடி, அல்லது பஞ்சு போன்ற ஒரு செருகி. அதன் விலை ஒரு வேளை சாப்பாட்டு விலையைவிடக் குறைவாகவே கிடைக்கிறது. வாங்கி வைத்தால் மட்டும் போதாது. முதலாளி ஷெட்டுக்குள் வரும்போது தானும் போட்டுக்கொண்டு வந்தால்தான் தொழிலாளி போடுவார். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லோருக்கும் காது பரிசோதனை செய்யுங்கள். கோடு 4000 ஹெர்ட்ஸில் இறங்க ஆரம்பித்ததும் தெரிந்துவிடும். அப்போதே ஆளை வேறு வேலைக்கு மாற்றலாம். நம் சங்கம் ஒவ்வொரு வருஷமும் ரத்த தான முகாம் நடத்துகிறது, நல்ல காரியம். இந்த வருஷம் அதோடு ஒரு காது பரிசோதனை முகாமும் நடத்தலாமே என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். வேலைகளை எடுத்துச் செய்ய நான் தயார்.

ஏனென்றால் எல்லா அப்பாக்களுக்கும் கடைசியில் ஒரு புல்லட் வாசலுக்கு வரும் என்று சொல்ல முடியாது. அந்தக் காதில் பேரன் பேசுவதும் கேட்க வேண்டும்.

வெளியே மரத்தடியில் என் வண்டி நிற்கிறது. கூட்டம் முடிந்ததும் பார்க்கலாம். கிக்கர் அடித்துப் பார்க்க ஆசைப்படுகிற தம்பிகள் முதலில் அம்மீட்டர் முள்ளைப் பாருங்கள், பிறகு காலைத் தூக்குங்கள்.